மெடிக்கலுக்கு முந்திய பத்து நாட்கள்

எங்கள் ஃபிஜி நாட்டில் ஆட்சி கவிழும்போதெல்லாம் எங்கள் கிளினிக்குக்கு இடம் கூடியது. கேலிக்காகச் சொல்லவில்லை, அந்தப் படிகளில் ஏறி இறங்கியவள் சொல்கிறேன். எண்பத்தேழில் முதல் தடவை பட்டாளத்துக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்தபோது அது சுவாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒரு டாக்டர், ஒரு எடை மெஷின், கண்ணைச் சோதிக்க ஓர் எழுத்து அட்டை. அந்த வருடமே இன்னொரு தடவை கவிழ்த்தார்கள். துணிக்கடைக்காரர் கனடாவுக்குக் குடிபோனார், அவருடைய கடையையும் கிளினிக் எடுத்துக்கொண்டது. இரண்டாயிரத்தில் மறுபடி கவிழ்ந்தது. பக்கத்துக் கட்டிடமும் வந்தது, எக்ஸ்ரே அறை வந்தது, பல்லைக் கிட்ட வைக்கும் ஏசி வந்தது, ரத்தம் சோதிக்கும் லேப் வந்தது. அந்த லேபோடு நானும் வந்து சேர்ந்தேன்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள் நான். அங்கே மெஷின் இருந்தால் மருந்து இருக்காது, மருந்து வந்தால் மெஷினைப் பழுது பார்க்கிறவன் பிரிஸ்பேனுக்குப் போயிருப்பான். கூட வேலை செய்த ஏழு பேரில் ஐந்து பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கேக் வெட்டி, மாலை போட்டு, அழுது அனுப்பிவைத்தோம். ஆறாவது கேக் வெட்ட எனக்கு மனசு வரவில்லை. கிளினிக்கில் கூப்பிட்டார்கள், போனேன். நாட்டை விட்டுப் போகாத பெரிய மனுஷி என்று யாராவது என்னைச் சொன்னால் நான் சிரித்துக்கொள்வேன். நான் நாட்டை விடவில்லை, ஆஸ்பத்திரியைத்தான் விட்டேன். விட்டது விட்டதுதான்.

கிளினிக்கின் வேலை வைத்தியம் பார்ப்பதல்ல. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். அங்கே காய்ச்சலுக்கு மாத்திரை கிடையாது, புண்ணுக்குக் கட்டு கிடையாது. வெளிநாட்டுக்குக் குடிபோக விசா கேட்பவர்களின் உடம்பைச் சோதித்து, 'இந்த ஆள் ஆரோக்கியம், உங்கள் நாட்டுக்கு இவரால் செலவு வராது' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்புவதுதான் வேலை. அதற்குப் பெயர் மெடிக்கல். எங்கள் ஜனங்களுக்கு அந்த ஒரு சொல் போதும். கல்யாண வீட்டில் இரண்டு பேர் சந்தித்தால் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்ட மறு வாய்க்கு 'மெடிக்கல் ஆயிடுச்சா' என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவும் மெடிக்கல் பாஸ் ஆனவர்தான். மதராஸ் டிப்போவில் உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, தோளை அமுக்கி, வாயைத் திறக்கச் சொல்லி, கரும்பு வெட்டத் தகுந்த உடம்பு என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் கையெழுத்துப் போட்டார். கப்பலேற்றினார்கள். நூறு வருடம் கழித்து அவருடைய வம்சத்தாரின் உள்ளங்கையை நான் திருப்பிப் பார்த்து விரலில் ஊசி குத்துகிறேன். வித்தியாசம் என்னவென்றால் இந்தத் தடவை ஜனங்கள் தாங்களே நல்ல சேலை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

கிளினிக்கின் புதுக் கட்டிடத்துக்கு ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். பெயர் வேண்டாம், அவர் ஒருவர் இல்லை, அந்த மாதிரி நிறையப் பேர். கரும்பு படுத்துவிட்டது, தையல் ஃபாக்டரிகள் மூடிக்கொண்டிருக்கின்றன, இனி சுகாதாரத் துறைதான் நாட்டை வளர்க்கப் போகிறது என்று பேசினார். நம் நர்சுகளை உலகமே கேட்கிறது, அவர்கள் அனுப்பும் பணத்தில் ஊரில் வீடுகள் எழும்புகின்றன, இது வளர்ச்சி இல்லையா என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா கையில் இருந்ததால் நான் தட்டவில்லை. இருந்திராவிட்டால் தட்டியிருப்பேன், பொய் சொல்வானேன்.

அவர் சொன்ன அந்த நர்சுகளில் என் அண்ணன் மகளும் ஒருத்தி.

அண்ணனுக்கு ரக்கிரக்கியில் கரும்புத் தோட்டம். தோட்டம் என்றால் சொந்த நிலமில்லை, குத்தகை. அப்பா காலத்துக் குத்தகை முடிந்துபோய், நிலத்துக்காரர்களான பூர்வீக ஃபிஜிக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. வீட்டையாவது இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள் என்று அவர்கள் ஊர்த் தலைவர் இரக்கப்பட்டு விட்டிருந்தார். அண்ணனுக்கு ஒரே மகள். அரசாங்கச் செலவில் நர்சுக்குப் படித்தாள், சுவாவில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், பக்கத்தில் நகாசியில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். நாலு வருடம் என் கையால்தான் டிபன் கட்டிக்கொண்டு போனாள். இரண்டாயிரத்துக் கலவரத்தில் கடைகளைக் கொளுத்தியபோது டூட்டியில் இருந்தவள் இரண்டு நாள் வீட்டுக்கு வர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்து குளித்துவிட்டு, நியூசிலாந்து விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். அவளுக்கு மெடிக்கல் செய்தது எங்கள் கிளினிக். எல்லாம் சுத்தம். இளசு, திடமான உடம்பு, படித்த கை. நாற்று விட்டவன் ஒருத்தன், தண்ணி பாய்ச்சியவன் ஒருத்தன், அறுத்துக்கொண்டு போனவன் மூன்றாவது ஆள்.

அங்கே அவளுக்குச் சிறுநீரக வார்டில் வேலை. கிட்னி கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷின் இருக்கிறதே, அந்த மெஷினில் ஆட்களை இணைத்து, நாலு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, இறக்கிவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை அதே ஆட்கள் வருவார்கள், ஆச்சி தாத்தா மாதிரி பழகிவிட்டார்கள் என்று போனில் சொல்வாள். நல்ல பிள்ளை. கை பதமான கை, ஊசி குத்தினால் தெரியாது.

ஆறு வருடத்தில் அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அப்பா அம்மாவை வரவழைக்க மனுப் போட்டாள். அப்போது இங்கே நாலாவது தடவையும் ஆட்சியைக் கவிழ்த்து முடித்திருந்தார்கள். ஊர்த் தலைவர் செத்துப்போய், அவருடைய தம்பி மகன் வந்து வருடக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துகொடுக்கச் சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான், சம்பிரதாயப்படி வேர்ப்பொடி கரைத்த கிராக் கலந்து குடித்து உட்கார்ந்து பேசித்தான் சொன்னான். ஆக அண்ணனுக்கு மிஞ்சியிருந்த இடம் மகள் வீடு ஒன்றுதான். குறுக்கே நின்றது மெடிக்கல். அண்ணனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை.

இந்த இடத்தில் நான் கிளினிக்கில் நடந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்கள் மெடிக்கலுக்கு வருவதற்கு முன் பத்து நாள் விரதம் இருப்பார்கள். எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் பத்து நாள் காப்புக் கட்டி விரதம் இருப்பது வழக்கம் அல்லவா, அதே கணக்கை இதற்கும் வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் வேட்டிகூடச் சிலர் கட்டுவார்கள். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, கிழங்கு கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, ராத்திரிக்குக் கொஞ்சம் கீரை. விரதத்தில் மருந்து தொடக்கூடாது என்று மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். பதினொன்றாம் நாள் சிறுநீரில் குச்சியை விட்டால் நிறம் மாறாது. அம்மன் புண்ணியம் என்று என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

நான் தடுத்தேனா? இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டுவேன். கோயிலில் பார்த்தால் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பாவக்கா எத்தினி, தண்ணி எத்தினி' என்று கேட்பார்கள். நானும் ஒரு வைத்தியர் மாதிரி அளவு சொல்லுவேன். பெருமையாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு மெல்போர்னுக்கும் ஆக்லாந்துக்கும் போனவர்கள் கிறிஸ்துமசுக்குச் சாக்லேட் டப்பா அனுப்புவார்கள். இந்த உத்தியால் யாரும் செத்ததாக நான் கேள்விப்படவில்லை. செத்திருந்தாலும் என் காதுக்கு வந்திருக்காது என்பது அப்போது தோன்றவில்லை.

அண்ணனுக்கும் நான்தான் பத்து நாள் சொன்னேன். ஆறாம் நாள் காலை கிளினிக்குக்குப் போன் வந்தது. வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது, என் முன்னால் நாற்பது ரத்தக் குழாய், மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். இங்க கோயில்ல சொல்றாங்க, பாவக்காயவிட கம்ரக் நல்லா கேக்குமாம். நம்ப ஊட்டாண்ட மரம் கீதில்ல, காச்சித் தொங்குது. அரைச்சிக் குடிக்கட்டுமா?"

கம்ரக் என்றால் அந்த ஐந்து மூலைப் புளிப்புக் காய். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். உப்பு மிளகாய் தொட்டு நாங்கள் எல்லோரும் தின்று வளர்ந்த காய்.

"குடி அண்ணே, ஒண்ணும் ஆவாது," என்றேன்.

"எவ்ளோ குடிக்கணும்?"

"ஒரு சொம்பு குடி. எனக்கு இங்க வேலை கீது, வெச்சுடு."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிஷம் இருக்குமா? யோசித்துச் சொன்னேன் என்றுகூட என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. போனை வைத்துவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

பதினொன்றாம் நாள் அண்ணனும் அண்ணியும் கிங்ஸ் ரோடு வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணன் இளைத்திருந்தான், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. முகம் கொஞ்சம் ஊதினாற்போல இருந்தது. பஸ் ஏசியில் தூங்கி வந்த முகம் என்று நினைத்தேன். விக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணே, விக்கல்?"

"முந்தாநாள்லேருந்து இப்பிடித்தான். நிக்க மாட்டேங்கிது."

அண்ணி சிரித்தாள். "பொண்ணு நெனச்சிக்கினே கீறா பாப்பா. அப்பன் எப்ப வருவான் எப்ப வருவான்னு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்ககூட அதத்தான் சொன்னாங்க. தண்ணி குட்தா நின்னுடும், ஆனா இவர்தான் நிக்க வேணாம், நெனைக்கட்டும்னு குடிக்க மாட்டேன்றாரு."

நானும் சிரித்தேன். பதினெட்டு வருடம் அரசாங்கத்தில், ஏழு வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தவள். மூன்று நாள் விடாத விக்கல் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. மகள் நினைக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. காத்திருக்கும் ஹாலில் ஒவ்வொரு விக்கலுக்கும் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். 'யாரு காக்கா நெனைக்கிறது' என்று ஒரு கிழவர் ஹிந்தியில் சித்தப்பா முறை வைத்துக் கிண்டல் செய்தார். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அண்ணியின் எக்ஸ்ரே முதலில் முடிந்தது. தாலியைக் கழற்ற வேண்டும் என்பார்கள், எங்கள் பெண்கள் மாட்டேன் என்பார்கள். அதற்காக எக்ஸ்ரே அறை மேஜையில் ஒரு மஞ்சள் நூல்கண்டு வைத்திருப்போம். ஒரு முழம் வெட்டிக் கழுத்தில் கட்டிவிட்டால் தாலியைக் கழற்றித் தருவார்கள். நூல் படத்தில் விழாது. நான்தான் அண்ணிக்குக் கட்டிவிட்டேன். கழற்றிய தாலியை அவள் அண்ணன் கையில் கொடுத்தாள், அவன் திரும்ப அவளுக்குப் போட்டுவிடும்வரை அதை மூடிய கையில் வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணனுடைய சிறுநீரில் குச்சியை விட்டேன். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறவில்லை. சுத்தம். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. அதற்குள் பக்கத்துக் கட்டம் பச்சையாக, அடர்த்தியான பச்சையாகப் போனது. புரதம். வேறு குச்சியை எடுத்தேன், அதுவும் பச்சை. ரத்தத்தை மெஷினில் வைத்தேன். கிட்னி எப்படி இருக்கிறது என்று சொல்லும் எண் வந்தது. மெஷினைக் கழுவி மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவையும் வைத்தேன். அந்த எண்ணோடு ஒரு மனிதன் தன் காலால் நடந்துவந்து ஹாலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

எண்ணை மாற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பேனா கையில்தான் இருந்தது. மாற்றி எழுதினால் அங்கே போய்விடுவான், அங்கே மகள் இருக்கிறாள், மெஷின் இருக்கிறது. கண்டுபிடித்தால் என் வேலை போகும். உள்ளதையே எழுதினேன். நேர்மையால் எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயம்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இவர் உங்க அண்ணனா?"

"ஆமா டாக்டர். உடனே ஏதாவது செய்யணும்."

"இங்கே நாம செய்ய முடியாதும்மா. இது மெடிக்கல், வைத்தியம் இல்லை. உங்களுக்குத் தெரியாதா? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஃபாரத்தை முடிச்சு அனுப்பிடறேன்."

எனக்குத் தெரியும். நாள் முழுக்க நானே மற்றவர்களிடம் சொல்லுகிற பதில்தான். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் இருந்த மெஷின்கள் தீவில் வேறெங்கும் கிடையாது. படுக்கை இருந்தது, ஊசி இருந்தது, டாக்டர் இருந்தார், வெளியே காபி கொடுக்கும் மெஷின்கூட இருந்தது. எல்லாம் இருந்தும் அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்ற ஆளில்லை. ஆரோக்கியமானவர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. நாடு அதைத்தான் வளர்ச்சி என்று ரிப்பன் வெட்டியது. அதன் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே.

டாக்சி பிடித்து அண்ணனை என் பழைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெஞ்சில் இரண்டரை மணி நேரம். அண்ணன் மகள் வேலை பார்த்த அதே வார்டில்தான் படுக்கை கிடைத்தது. அவள் இருந்த காலத்தில் ஐந்து பேர் பார்த்த வேலையை இப்போது இரண்டு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி ஃபிஜிக்கார அம்மா, என்னைவிட வயதில் மூத்தவள், பழைய பழக்கம். போகாமல் இருந்தவள் என்றால் அவள்தான் இருந்தவள். அண்ணன் இரண்டு தடவை விக்கியதைக் கேட்டாள். அண்ணனைப் பார்த்து, எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில் கேட்டாள், "கம்ரக் குடிச்சீங்களா?"

"ஆமா," என்றான் அண்ணன்.

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாள். தினம் ஒரு சொம்பு."

அவள் என் பக்கம் திரும்பினாள். சர்க்கரையால் ஏற்கெனவே கிட்னி தேய்ந்திருக்கிறவனுக்கு வெறும் வயிற்றில் அந்தச் சாறு விஷம், தலைக்கும் ஏறும், அந்த விக்கல் அதனால்தான், இதுபோல மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன், மூன்று பேருமே மெடிக்கலுக்குப் போனவர்கள் என்று சொன்னாள். திட்டவில்லை. என் கோட்டில் குத்தியிருந்த கிளினிக் பெயரைப் பார்த்தாள், பிறகு அண்ணனுக்குத் தலையணையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் அந்த மெஷின் இல்லை. தனியாரில் ஓரிடத்தில் இருந்தது, அது எங்களைப் போன்றவர்கள் இரண்டு தடவை போய்விட்டு மூன்றாம் தடவை காசில்லாமல் வீட்டில் இருந்துவிடுகிற இடம். அண்ணன் நாலு தடவை போனான். பிறகு, "போதும் பாப்பா, ஊட்டுக்குப் போலாம்," என்றான். நகாசிக்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரக்கிரக்கி வீட்டை அதற்குள் காலி செய்தாகிவிட்டது.

அங்கேதான் அந்தக் கடிதம் வந்தது. அண்ணன் படிக்கச் சொன்னான். விண்ணப்பதாரரின் உடல்நிலை நியூசிலாந்தின் சுகாதாரச் சேவைக்குச் சுமையாக அமையக்கூடும் என்பதால் விசா தர இயலாது என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னேன்.

"இன்னா சேவை?"

"ஆஸ்பத்திரி, அண்ணே. அவங்க ஆஸ்பத்திரிக்கு நீ பாரமாம்."

"எந்த ஆஸ்பத்திரி? நம்ப பொண்ணு வேலை செய்றாளே, அதுவா?"

"அதுதான்."

"அப்ப அவள அனுப்பச் சொல்லேன்," என்றான். "நம்பள்து நம்பகிட்ட வந்துடட்டும்."

மகள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு நாள் பிந்திவிட்டாள். அங்கே ஆள் பற்றாக்குறை, லீவு உடனே கிடைக்கவில்லை. அவள் கவனித்துக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு வர முடியவில்லை. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனாலும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எரித்த மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து, அடுப்படியில் நான், அண்ணி, அவள் மூன்று பேரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். மெடிக்கல் தாளின் நகல் ஒன்றை நான்தான் கொடுத்திருந்தேன், கேட்டாள் என்று. அதை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஹிந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். அத்தை என்று சொல்லமாட்டாள், பூவா என்பாள்.

"பூவா, அப்பாவுக்குச் சர்க்கரை எப்படிச் சுத்தமா இறங்கிச்சு? என்ன குடிச்சார்?"

"பாவக்கா. அப்புறம் கம்ரக்."

கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டாள். அவள் சிறுநீரக நர்சு. அவளுக்கு விளக்கம் தேவையில்லை.

"கம்ரக் குடிக்கச் சொன்னது யார்?"

அண்ணன் எனக்குப் போன் செய்தபோது அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒரு சொம்பு என்று நான் சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல, அளந்து அரைத்துக் கொடுத்தவளே அவள்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். கழுவி முடியவில்லை.

"கோயில் ஆளுங்க," என்றாள் அண்ணி. "கோயில்ல யாரோ சொன்னாங்க."

"யாரோன்னா யாரும்மா?"

"யாரோ. எல்லாரும்தான் குடிக்கிறாங்க. உங்கப்பன் கேட்டானா சொன்னா?"

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். படிக்காத முட்டாள்கள் என்று கோயில்காரர்களைத் திட்டினாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆமாம் மகளே, முட்டாள்கள் என்றேன். இதைச் சொன்னது என் வாய்தான்.

அடுத்த வருடம் அண்ணி மட்டும் மெடிக்கலுக்கு வந்தாள். ரத்தம் எடுத்தது நான். கழுத்தில் கழற்றித் தர ஒன்றும் இல்லை. ஊசி குத்தும்போது, "ஏன் அண்ணி அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். "அவளுக்கு இங்க வேற யாரு கீறா?" என்றாள். பாஸ் ஆனாள், போய்விட்டாள், அங்கேயே பிறகு இறந்துபோனாள். நான் பாகற்காய் அளவு சொல்வதை நிறுத்தினேன். கம்ரக் குடிக்காதீர்கள் என்று கோயிலில் ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திச் சொன்னேன், சண்டைகூடப் போட்டேன். வேலையை மட்டும் விடவில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். கிளினிக் இன்னொரு கட்டிடம் எடுத்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். என் ரத்த அழுத்தம் கேட்கிறாள், உப்பைக் குறை என்கிறாள், மாத்திரை அனுப்புகிறாள். அம்மா அப்பா போன பிறகு எனக்கு நீதான் பூவா என்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுக்கிறேன். உப்பைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.

ஹிந்தியில் எழுதியிருக்கலாம், அவள் படிப்பாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இன்னும் சுலபமாகப் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் கற்ற தமிழ் எழுத்தை அகராதி வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி, கோயில் ஐயரிடம் பிழை திருத்தி வாங்கி, ஒரு வருடமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுத முடிகிறது.